காய்ச்சல் என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம். என் மகன் சென்னைப் புறநகரில், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவன் அவன்தான். கல்விக்கடன் வாங்கிப் படிக்க வைக்கிறோம். சென்ற வாரம் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, அவன் வகுப்புக்கு வரவில்லை என்று கல்லூரியிலிருந்து என் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. உடனே அழைத்தேன், அவன் கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மாலை ஆறு மணிக்கு வழக்கம்போல் வந்து, “இன்றைக்கு லேப் இருந்தது, களைப்பாக இருக்கிறது” என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் துணி துவைக்கும்போது அவன் ஜீன்ஸின் கால் மடிப்பிலிருந்து மணல் கொட்டியது. அதன் பிறகு கேட்டபோதுதான், அவனையும் சேர்த்து வகுப்பு நண்பர்கள் ஏழு பேர் மூன்று வண்டிகளில் மாமல்லபுரம் போய்க் கடலில் குளித்துவிட்டு வந்ததாக ஒப்புக்கொண்டான். இப்போது கிளாஸ் அட்வைசர் பெற்றோர் கையெழுத்துடன் விடுப்புக் கடிதம் கேட்டிருக்கிறார். “காய்ச்சல் என்று எழுதிக் கொடும்மா, அப்பாவிடம் சொல்லிவிடாதே” என்று கெஞ்சுகிறான். என் கணவர் கோபக்காரர். தெரிந்தால் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்வார். படிப்பை நிறுத்திவிடுவேன் என்பார். கை ஓங்கவும் கூடும். நான் எழுதிக் கொடுக்கலாமா? பிள்ளை கெட்டுப்போகிறானோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

காய்ச்சல் என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். அவன் கெட்டுப்போகிறான் என்று நினைக்கவும் வேண்டாம். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பைக் கட் அடித்தது உங்கள் மகன் செய்த தவறு. அதில் உங்களுக்குப் பங்கில்லை. காய்ச்சல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அது நீங்கள் இருவரும் சேர்ந்து செய்த தவறாகிவிடும். நாளைக்கு அவன் வேறொரு பொய் சொல்லி, நீங்கள் கண்டிக்க நேரும்போது, அவன் வாய் திறந்து சொல்லாவிட்டாலும், ‘அன்றைக்கு நீயும்தானே எழுதிக் கொடுத்தாய்’ என்ற நினைப்பு உங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எந்தச் சொல்லுக்கும் இப்போது இருக்கும் பலம் இருக்காது.

நடைமுறையிலும் அந்தக் கடிதம் உதவாது. ஒரே வகுப்பில் ஏழு மாணவர்கள் ஒரே நாளில் வரவில்லை. மறுநாள் ஏழு பேரும் வந்துவிட்டார்கள். அந்த ஏழு பேரில் நான்கைந்து பேர் காய்ச்சல் என்று கடிதம் கொடுத்தால், கிளாஸ் அட்வைசருக்கு உண்மை புரியாமல் போகாது. ஆண்டுதோறும் இத்தகைய கடிதங்களைப் படிக்கிறவர் அவர். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கோப்பில் வைத்துவிடலாம். ஆனால், இந்த மாணவனின் வீட்டிலிருந்து வரும் கடிதத்தை நம்ப முடியாது என்பது மட்டும் அவர் மனத்தில் பதிந்துவிடும். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி, செமஸ்டர் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும்; 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால், மருத்துவக் காரணம், அனுமதி பெற்ற விளையாட்டுப் போட்டி போன்றவற்றை உரிய சான்றுடன் காட்டினால்தான் விலக்குக் கிடைக்கும்; 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். நாளைக்கு அவனுக்கு உண்மையாகவே டெங்கு வந்து இரண்டு வாரம் படுக்க நேர்ந்தால், அப்போது துறைத் தலைவரிடம் அவனுக்காகப் பேச வேண்டியவர் இதே கிளாஸ் அட்வைசர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வருகைப்பதிவைப் பற்றிய அச்சத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஒரு செமஸ்டரில் 90 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால், 75 விழுக்காடு என்பது ஏறத்தாழ 22 நாட்கள் வராமல் இருக்க இடம் தருகிறது. ஒரு நாள் வராததால் குறைவது ஒரு விழுக்காட்டுக்குச் சற்றே அதிகம். அதனால் படிப்பு பாழாகிவிடாது. ஆனால், இது அவன் வராத முதல் நாள்தானா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரியின் இணையப் பக்கத்தில் தன்னுடைய வருகை விழுக்காட்டை உங்கள் எதிரிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். அன்றைக்கு உண்மையாகவே லேப் இருந்ததா என்றும் கேளுங்கள். தவறிய பாடத்தின் குறிப்பை நண்பனிடம் வாங்கி எழுதிக்கொள்ளலாம். தவறிய பரிசோதனையை அப்படிச் செய்ய இயலாது. ஆசிரியரிடம் நேரம் கேட்டு, மீண்டும் செய்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வேண்டும். 2021 விதிமுறையில் படிப்பவர்களுக்கு லேப் பாடங்களில் நூற்றுக்கு 60 மதிப்பெண் இன்டர்னலாகவே வருவதால், இதை அலட்சியம் செய்யக் கூடாது.

ஒரு நாள் நண்பர்களோடு வெளியே போனதைப் பெரிய குற்றமாக நான் பார்க்கவில்லை. வீட்டின் முதல் பட்டதாரி என்ற பெருமை பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குச் சுமையாகவும் இருக்கிறது. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அப்பா எத்தனை ஷிஃப்ட் பார்க்கிறார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அத்தகைய பிள்ளைகளில் பலர், சனிக்கிழமை சினிமாவுக்குப் போகட்டுமா என்று வீட்டில் கேட்பதற்கே கூச்சப்படுவதை என் ஆலோசனை அறையில் தொடர்ந்து பார்க்கிறேன். கேட்டால் ‘இதற்காகவா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறோம்’ என்ற பதில் வரும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டு, கேட்காமலேயே போய்விடுகிறார்கள். உங்கள் மகன் போன இடமோ மாமல்லபுரம். கேட்டிருந்தால் நீங்களே புளிசாதம் கட்டிக் கொடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்பியிருக்கக்கூடிய ஊர் அது.

எனக்கு உண்மையான கவலை தருவது, போன விதம். உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது: ஏழு பேர், மூன்று வண்டிகள். ஒரு வண்டியிலாவது மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இரு சக்கர வண்டியில் ஓட்டுபவரைத் தவிர ஒருவர் மட்டுமே அமரலாம் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்களும் பேருந்துகளும் எந்த வேகத்தில் போகின்றன என்பது அந்தப் பக்கம் ஒரு முறை போனவர்களுக்கே தெரியும். அந்த வேகத்துக்கு நடுவே, மூன்று பேரைச் சுமந்த வண்டி, நண்பர்களின் இன்னொரு வண்டியை முந்தப் பார்க்கும். தனியாகப் போகும்போது நிதானமாக ஓட்டும் பிள்ளையும் நண்பர்கள் உடனிருந்தால் துணிந்து விடுகிறான். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை மூன்று வயதுப் பிரிவினருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வயதில் மூத்தவர்கள், நண்பர்கள் உடனிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஓட்டினார்கள். பதின்வயதினரும் 18 முதல் 22 வயதினரும் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கூடுதலாக ஆபத்தைத் தேடினார்கள். உங்கள் மகன் சரியாக அந்த வயதில் இருக்கிறான்.

கடல் இதைவிடப் பெரிய கவலை. மாமல்லபுரத்து அலை பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் அந்தக் கரை நெடுகிலும், கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டம் எங்கே இருக்கிறது என்பது வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தெரியாது. கிணற்றிலும் குளத்திலும் நீந்தக் கற்றவர்கள் அங்கே அகப்பட்டால், பதற்றத்தில் கரையை நோக்கியே எதிர்த்து நீந்திக் களைத்து மூழ்குகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுவையைவிட்டு விலகிய பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். இதை உங்கள் மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இறங்கவே கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை முழங்கால் அளவுத் தண்ணீர்கூட வேண்டாம். நண்பர்களோடு குளிக்கப் போன மாணவர் கடலில் மூழ்கினார் என்ற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். அவர்களில் பலர் வகுப்பில் இருப்பதாகவே அந்த நேரத்தில் பெற்றோர் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே, இந்த நிகழ்ச்சியில் மகனிடம் நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டியது, ‘கைபேசியை அணைத்துவிட்டாயே’ என்பதுதான். பத்தரை மணியிலிருந்து ஆறு மணிவரை அவன் எங்கே இருக்கிறான் என்று அவனைப் பெற்றவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கோவளத்தருகே வண்டி சறுக்கியிருந்தால், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அவன் பையைத் துழாவி அடையாள அட்டையைத் தேடியிருப்பார். இதைக் கோபமில்லாமல் இதே சொற்களில் சொல்லுங்கள். கட் அடித்ததற்கான திட்டை அவன் எதிர்பார்த்துத் தயாராக இருப்பான். இந்தக் கேள்விக்கு அவனிடம் தயாரான பதில் இருக்காது.

இனி, பொய்க்கு வருவோம். பிள்ளைகள் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பது பெற்றோருக்கு எப்படித் தெரிய வருகிறது என்பதை ஹாகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்னும் இரு உளவியலாளர்கள் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் கொண்டு ஆராய்ந்து, 2000-இல் வெளியிட்டார்கள். துருவிக் கேட்பதாலும் கட்டுப்பாடு விதிப்பதாலும் தெரிய வந்ததைவிட, பிள்ளைகள் தாமாகவே சொன்னதால் தெரிய வந்ததுதான் மிகுதி என்பது அவர்கள் கண்டது. பதினான்கு வயதிலேயே அப்படி என்றால், கல்லூரிக்கு இருபது முப்பது கிலோமீட்டர் போய்வரும் பத்தொன்பது வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குறுஞ்செய்தி எல்லா நாளும் சரியாக வராது. மணல் எல்லா முறையும் மடிப்பில் தங்காது. அவனே சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். அவன் சொல்ல வேண்டுமானால், உண்மையைச் சொல்வதற்குக் கொடுக்கும் விலை, பொய் சொல்லி அகப்படுவதற்குக் கொடுக்கும் விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இன்றைக்கு அப்படி இல்லை. உண்மையைச் சொன்னாலும் அடி, அகப்பட்டாலும் அடி என்றால், அகப்படாமல் இருக்கும் வாய்ப்பை நம்பி எந்தப் பிள்ளையும் பொய்யைத்தான் தேர்ந்தெடுப்பான்.

உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்று மாலை அவன் லேப் என்று சொன்னபோது, அது பொய் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் பேசாமல் இருந்தது சண்டை வேண்டாம் என்ற நல்லெண்ணத்தால்தான். இருந்தாலும், அடுத்த முறை இப்படி நேர்ந்தால், அவன் வாசற்படி ஏறியதும், அவன் வாய் திறப்பதற்கு முன்பே, “காலையில் கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. எங்கே போயிருந்தாய்?” என்று கேட்டுவிடுங்கள். பொய் சொல்ல இடம் கொடுத்துவிட்டுப் பிறகு பிடிப்பதைவிட, பொய்க்கே இடமில்லாமல் செய்வது இருவருக்கும் நல்லது.

உங்கள் கணவரிடம் மறைக்க வேண்டாம். ஆனால், நீங்களாகச் சொல்லவும் வேண்டாம். உங்கள் மகன் சொல்லட்டும். அவனுக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். வேலை முடிந்து களைத்து வரும் இரவு நேரம் இதற்கு ஏற்றதல்ல. வார விடுமுறையில், காலைச் சாப்பாடு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சற்று முன்பு கணவரிடம், “பையன் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்கிறான். தவறுதான் செய்திருக்கிறான். அவனே வந்து சொல்கிறான் என்பதற்காக முழுதும் கேளுங்கள். என்ன தண்டனை என்பதை நாளைக்குப் பேசிக்கொள்வோம்” என்று சொல்லிவையுங்கள். கேட்பதையும் தண்டிப்பதையும் ஒரு நாள் இடைவெளி விட்டுப் பிரித்துவிட்டால், கோபக்காரர்கள்கூடப் பெரும்பாலும் நியாயமாகவே முடிவெடுக்கிறார்கள். கை ஓங்கும் அளவுக்குப் போய்விடும் என்று உங்களுக்கு உண்மையிலேயே அச்சமிருந்தால், உங்கள் கணவர் மதிக்கும் ஒருவரை, அவர் அண்ணனோ உங்கள் தம்பியோ, அன்று வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளையை அடிப்பதால் அவன் அடங்குவதில்லை. வீட்டிலிருந்து மனத்தளவில் வெளியேறத் தொடங்குகிறான். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன்.

தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று பேர் ஏறிப் போன வண்டிக் கூட்டத்தில் அவன் வண்டியும் இருந்ததால், ஒரு மாதம் சாவி அப்பாவிடம் இருக்கட்டும். அவன் கல்லூரிப் பேருந்தில் போய்வரட்டும். அந்த மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். படிப்பை நிறுத்திவிடுவேன் என்ற பேச்சு மட்டும் எந்தக் கோபத்திலும் வரக் கூடாது. கடன் வாங்கி, இரண்டாம் ஆண்டு வரை கொண்டுவந்த பெற்றோர் அப்படிச் செய்யப் போவதில்லை என்று அவனுக்கும் தெரியும். செய்யப் போவதில்லை என்று தெரிந்த மிரட்டலால், மற்ற சொற்களும் மதிப்பிழந்துவிடும். அந்த நண்பர்களோடு சேராதே என்றும் சொல்ல வேண்டாம். அவர்களை ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லுங்கள். ஏழு பிள்ளைகளின் முகமும், இரண்டு மூன்று பேருடைய கைபேசி எண்ணும் உங்களுக்குத் தெரிந்திருப்பது, எல்லாத் தடைகளைவிடவும் பயன்படும். இனி வெளியே போக விரும்பினால் முன்னதாகச் சொல்லிவிட்டு, விடுமுறை நாளில், தலைக்கவசத்தோடு, வண்டிக்கு இருவர் மட்டும், கைபேசி அணைக்காமல் போகலாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் ‘சரி, போய்விட்டு வா’ என்று முகம் சுளிக்காமல் முதல் முறை சொல்லும்போதுதான் இந்த ஏற்பாட்டை அவன் நம்புவான்.

வருகை விழுக்காட்டைப் பார்க்கும்போது, பல நாட்கள் விடுபட்டிருப்பதும், நண்பர்களோடும் அவன் போகவில்லை, தனியாக எங்கேயோ உட்கார்ந்துவிட்டு வருகிறான் என்பதும் தெரிய வந்தால், நான் இதுவரை எழுதியது பொருந்தாது. குறிப்பிட்ட ஒரு பாடத்தின் மீதுள்ள அச்சம், சேர்ந்துபோன அரியர், ராகிங், போதைப் பழக்கம், மனச்சோர்வு என்று காரணம் வேறாக இருக்கலாம். அப்போது கல்லூரியின் மனநல ஆலோசகரையோ, அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற இலவச எண்ணையோ தயங்காமல் நாடுங்கள். அதில் தமிழிலேயே பேசலாம்.

இப்போது கடிதம். உண்மையை எழுதினால் மற்ற ஆறு பேரையும் காட்டிக் கொடுத்தது போலாகிவிடும் என்று உங்கள் மகன் சொல்வான். அவன் காய்ச்சல் என்று கெஞ்சுவதற்கு அப்பாவின் கோபம் பாதிக் காரணம் என்றால், இது மறுபாதியாக இருக்கக்கூடும். இந்தத் தயக்கத்தை மதியுங்கள். நண்பர்களுக்குத் துரோகம் செய்யக் கூடாது என்று நினைப்பது நல்ல குணம்தான். ஆகவே, கடிதம் கொடுப்பதற்கு முதல் நாளே, ‘என் வீட்டில் தெரிந்துவிட்டது, நான் உண்மையைத்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன், உங்கள் பெயர் எதையும் சொல்ல மாட்டேன்’ என்று நண்பர்களிடம் அவன் சொல்லிவிடட்டும். அவர்கள் என்ன எழுதுவது என்பது அவரவர் வீட்டு முடிவு. கடிதத்தில் இவ்வளவு போதும்: “என் மகன் இந்தத் தேதியில் எங்கள் அனுமதியின்றி வெளியே சென்றதால் வகுப்புக்கு வரவில்லை. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. வீட்டில் கண்டித்திருக்கிறோம். தவறவிட்ட பாடங்களையும் பரிசோதனையையும் முடித்துக் கொடுக்க அவனுக்கு வாய்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.” எங்கே போனான், யாரோடு போனான் என்பவை இதில் தேவையில்லை. கேட்டால், யாரோடு என்பதை மட்டும் சொல்ல விரும்பவில்லை என்று அவனே பணிவாகச் சொல்லலாம். துறைத் தலைவரிடம் ஒரு திட்டு, ஒரு மன்னிப்புக் கடிதம்; பெரும்பாலும் இதற்கு மேல் போகாது.

இந்தப் பதில் உங்களை வந்து சேர்வதற்குள், அவன் கெஞ்சலுக்கு இணங்கிக் காய்ச்சல் என்றே எழுதிக் கொடுத்திருந்தால், அதற்காக மனம் உடைந்துபோக வேண்டாம். அடுத்த வாரம் ஒரு நாள் மகனையும் அழைத்துக்கொண்டு, மதிய இடைவேளையில் கிளாஸ் அட்வைசரைப் போய்ப் பாருங்கள். முதலில் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்புவதாகச் சொல்லி, புதிய கடிதத்தைக் கொடுங்கள். அங்கே பேச்சை அவனே தொடங்கட்டும். நீங்கள் அவன் பக்கத்தில் நின்றால் போதும்.